தந்தையின் தொழில்

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துப் பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. வாழ்த்துத் தெரிவித்த ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் என் நன்றி. நன்றியுரைப் பக்கத்தின் படத்தை இங்கே பகிர்ந்தபோது அதன் முதல் வரியைக் குறித்துப் பலர் கேட்டிருந்தீர்கள். 'மாவுத்தூசியில் 26 ஆண்டுகள் நின்று ரொட்டி செய்த என் தந்தைக்கு' என்று எழுதியிருந்தேன். அது உருவகமா என்று ஒருவர் கேட்டார். ஈஸ்ட்டைப் பற்றிய ஆய்வேடு என்பதால் செய்த சொல்விளையாட்டா என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. முழு விடை சற்று நீளமானது. பொறுமையுள்ளவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

பள்ளியில் சேர்ந்த நாள் முதல் முனைவர் பட்டப் பதிவு வரை நான் நிரப்பிய படிவங்கள் எத்தனையோ. அவற்றுள் பெரும்பாலானவற்றில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. வருமானச் சான்றிதழுக்கு எழுதியபோது 'கூலி' என்று போட்டோம். கல்லூரியில் சேர்ந்தபோது 'சுயதொழில்' என்று எழுதினேன். புனேவுக்கு வந்து ஆய்வில் சேர்ந்தபோது 'வியாபாரம்' என்று எழுதினேன். உண்மையில் என் தந்தை 1991 முதல் 2017 வரை விருதுநகர் மாவட்டத்தின் ஒரு சிறு நகரத்தில் பேக்கரித் தொழிலாளியாக இருந்தார். ஊரில் அவரை 'ரொட்டி மாஸ்டர்' என்றுதான் அழைப்பார்கள். அந்தச் சொல்லை எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை.

அவருடைய நாள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். மைதா மூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டி, தண்ணீரும் ஈஸ்ட்டும் உப்பும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைவார்கள். மாவு எழும்பும்வரை அரைத்தூக்கம். நள்ளிரவுக்குப் பின் அதை வெட்டி, எடைபோட்டு, உருட்டி அச்சுகளில் இடுவார்கள். மூன்று மணிக்கு விறகடுப்பு தயாராகியிருக்கும். ஐந்து மணிக்கு மிதிவண்டிக்காரர்கள் சூடு ஆறாத ரொட்டிகளை டீக்கடைகளுக்குக் கொண்டு செல்வார்கள். நான் பள்ளிக்குப் புறப்படும்போது அப்பா உறங்கிக்கொண்டிருப்பார். அவர் தலையணையுறையில் புளித்த மாவின் மணம் இருக்கும். என் சீருடையிலும் அது இருந்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் எனக்கு 'பன்னு' என்று பெயர் வைத்தார்கள்.

நம் ஊர்களில் ரொட்டிக்கு ஒரு தனியிடம் உண்டு. அது காய்ச்சல்காரர்களின் உணவு. பாலில் நனைத்த ரொட்டி என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று பொருள். மருத்துவமனைக்கு யாரையேனும் பார்க்கப் போகிறவர்கள் வாசல் கடையில் ஒரு ரொட்டியை வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது அன்றாட உணவு. அச்சில் சரியாக எழும்பாதது, விளிம்பு கருகியது, விற்காமல் மிஞ்சியது என்று ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள், தட்டில் ரொட்டியைக் கண்டால், "யாருக்கும்மா மேலுக்கு முடியல?" என்று அம்மாவைக் கேட்பார்கள்.

2018-இல் நான் ஆய்வில் சேர்ந்தேன். என் பொருள், சர்க்கரை தீர்ந்துபோன பின் ஈஸ்ட் செல்கள் எவ்வாறு தாக்குப்பிடிக்கின்றன என்பது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஈஸ்ட்டின் கதை உயிரியல் மாணவர்கள் அறிந்ததுதான். 1938-இல் கலிஃபோர்னியாவின் மெர்செட் நகருக்கருகே, அழுகிக் கிடந்த ஓர் அத்திப்பழத்திலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்டே அதன் முதன்மையான மூதாதை. 1996-இல் அதன் மரபணுத்தொகுதி முழுவதும் வாசித்து முடிக்கப்பட்டது. செல்லுக்குள் உட்கரு உடைய உயிரிகளில் அவ்வாறு முழுமையாக வாசிக்கப்பட்டது அதுவே முதலாவது: 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 1.2 கோடி எழுத்துகள், சுமார் 6,000 மரபணுக்கள். ரொட்டிக்கடை ஈஸ்ட்டும் இதே இனம்தான். குலம் மட்டும் வேறு. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஈஸ்ட்டப் படிக்கவா கவர்மெண்டு ஒனக்குச் சம்பளம் தருது?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நெடுநேரம் நீடித்தது.

அந்த இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது இருந்தது. 2010 வாக்கில் இளைப்பும் சேர்ந்துகொண்டது. பணிக்குப் போன இரவுகளில் அதிகமாகவும், தீபாவளிக்குப் பிந்தைய விடுமுறை நாள்களில் குறைவாகவும் இருந்ததை இன்று எண்ணிப் பார்த்தால் உணர முடிகிறது. அன்று யாரும் அப்படிக் கணக்கு வைக்கவில்லை. மருத்துவர் ஒருவர், "பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டார். அப்பா குடித்ததே இல்லை. "அப்ப அடுப்புப் புகையாத்தான் இருக்கும்" என்றார் அவர். அப்பா அதை நம்பினார். முதலாளியிடம் கெஞ்சி, அடுப்படி வேலையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, மாவு பிசையும் பக்கம் வந்துவிட்டார். 2011 முதல் ஆறு ஆண்டுகள், மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவதும் பலகையில் மாவு தூவி உருட்டுவதும்தான் அவர் வேலை. இளைப்பு குறையவில்லை, மிகுந்தது. 2017-இல் ஓர் இரவு மூச்சுத் திணறி விழுந்தபின் வேலையை விட்டார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காவலாளியாக இருக்கிறார்.

2022-இல் எங்கள் நிறுவனத்தில் ஆய்வகப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடந்தது. ஆண்டுதோறும் நடப்பது; நாங்கள் கையெழுத்திட்டுவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அன்று திரையில் ஒரு பட்டியல் வந்தது: மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்கள். ஆய்வக எலிகளின் முடி, சில சாயங்கள், தூளாக வரும் நொதிகள். அவற்றுக்கிடையே தானிய மாவுத்தூசி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அன்று இரவு முழுவதும் படித்தேன். 'பேக்கர் ஆஸ்துமா' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமத்சினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ரொட்டி சுடுவோரும் மாவு அரைப்போரும் மாவுத்தூசியால் இருமி இளைப்பதை அதில் அவர் எழுதியிருக்கிறார். அந்த நூலின் புகழ்பெற்ற அறிவுரை ஒன்று உண்டு. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு மருத்துவர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அது. 'உன் தொழில் என்ன?'

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கும் அந்தக் கேள்வியை என் தந்தையிடம் யாரும் கேட்கவில்லை. படிவங்கள் என்னிடம் கேட்டபோதோ நான் பொய் சொன்னேன்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. மாவிலுள்ள மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைத்தால்தான் ஈஸ்ட்டுக்குத் தொடர்ந்து தீனி கிடைக்கும். அந்த வேலையைச் செய்யும் ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதி, முளைவிடாமல் நன்கு காய்ந்த கோதுமையில் குறைவு. ஆகவே, பூஞ்சையிலிருந்து எடுத்த அமைலேஸைத் தூளாக்கி, ரொட்டியை மென்மையாக்கும் கலவைகளில் சேர்க்கிறார்கள். ரொட்டியில் அது தீங்கற்றது. அடுப்பின் வெப்பத்தில் செயலிழந்துவிடும். தூளாக மூச்சில் போனால் அதுவும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பது 1980களிலேயே கண்டறியப்பட்டது. எங்கள் ஆய்வகத்தில் இத்தகைய நொதித்தூளைச் சில மில்லிகிராம் எடைபோட வேண்டுமென்றால் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் கைவிட்டுத்தான் தொடுவோம். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "டப்பாவுல பவுடர் வரும் பாப்பா. மூட்டைக்கு ஒரு கை அள்ளிப் போடுவோம். பஞ்சு மாதிரி வரும்" என்றார்.

அதன்பின் மதுரையில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். முதல் கேள்வியே, "என்ன வேலை பார்த்தீங்க?" என்பதுதான். தோலில் குத்திச் செய்யும் ஒவ்வாமைச் சோதனையில் கோதுமை மாவு பதிந்த இடம் தடித்து எழும்பியது. தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலகியிருந்தால் நன்றாகக் குணமாகியிருக்க வாய்ப்பிருந்தது என்று மருத்துவர் மெல்லச் சொன்னார். இப்போது உறிஞ்சு மருந்து எடுத்துக்கொள்கிறார். மாடியேறும்போது மட்டும் நின்று நின்று ஏறுகிறார்.

புகைக்குத் தப்பித் தூசிக்குள் போய் நின்ற அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி அவரிடம் நான் பேச விரும்பினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் வேலையைப் பற்றிப் பேசும் வழக்கமே கிடையாது. அவர் வேலை முடிந்து வந்தபின் தூங்குவார், நான் படிப்பேன். அவ்வளவுதான்.

2023-இல் ஐந்தாண்டு உதவித்தொகை முடிந்தது. விடுதியையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. நகரின் ஓரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். முன்பு குடியிருந்தவர் ஒரு சிறிய ஓ.டி.ஜி. அடுப்பை விட்டுச் சென்றிருந்தார். அதைப் பார்த்தபோது ஒரு வழி தோன்றியது. நான் ரொட்டி செய்யக் கற்றுக்கொண்டால், அவரிடம் சந்தேகம் கேட்கலாம். கேட்கிற சாக்கில் மற்றவற்றையும் கேட்கலாம்.

முதல் ரொட்டியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கெண்டியில் காய்ச்சிய நீரை நேராக ஈஸ்ட்டின் மேல் ஊற்றினேன். 55 பாகைக்கு மேல் ஈஸ்ட் மடியத் தொடங்கும் என்பதை வகுப்பெடுத்துச் சொன்னவள் நான். ஆய்வகத்தில் வளர்ப்புப் பெட்டியே 30 பாகையில் நிற்கும். நீரில் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. மூன்று மணி நேரம் காத்திருந்தும் மாவு அசையவில்லை. அப்பாவை அழைத்தேன்.

"ஈஸ்ட்டக் கொன்னுட்டியா?" என்றார். "அஞ்சு வருசமா அதத்தான படிக்கிற?"

அவர் அப்படிச் சிரித்துப் பல நாள்களாகியிருந்தன.

இரண்டாவது, முழுக்க ஆட்டா மாவில் செய்தது. செங்கல்போல் வந்தது. தவிட்டுத் துகள்கள் மாவின் பசைப்புரத இழைகளை அறுத்துவிடும் என்றும், ஆட்டா கூடுதலாக நீர் குடிக்கும் என்றும் பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா கேட்டது வேறு.

"மாவு கையில ஒட்டுச்சா?"

"அரைக் கிலோவுக்கு முந்நூறு மில்லி தண்ணிப்பா."

"அளவ விடு பாப்பா. ஒட்டுச்சா, இல்லையா?"

ஒட்டவில்லை என்றேன். "அப்ப தண்ணி பத்தல. மொதல்ல ஒட்டணும். பெசையப் பெசைய விட்டுரும்."

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த வேதியியலை நான் பாடநூலில் படித்திருக்கிறேன். கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையாடின் என இருவகைப் புரதங்கள் உள்ளன. நீர் பட்டதும் அவை இணைந்து குளூட்டன் என்னும் வலைப்பின்னலாகின்றன. பிசையப் பிசைய அந்த வலை ஒழுங்காகி, நீரைத் தனக்குள் பிடித்துக்கொள்கிறது. கையில் ஒட்டுவது நிற்கிறது. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவைக் குமிழ்களாகச் சிறைப்படுத்துவது இந்த வலைதான். வலை இல்லையென்றால் வாயு வெளியேறிவிடும், ரொட்டி எழாது. இது எனக்குத் தெரியும். எந்தக் கணத்தில் பிசைவதை நிறுத்த வேண்டும் என்பது தெரியாது.

"காது மடலத் தொட்டுப் பாரு. அந்தப் பதம்" என்றார் முதலில். பிறகு ஒரு நாள், தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் மாவைத் தூக்கி மேடையில் அறைந்து மடித்துக்கொண்டிருந்தேன். எண்ணூறு மைலுக்கு அப்பால், மண்டபத்தின் வாசலில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் சளக்சளக்குனு கேக்குது. அடி." சிறிது நேரம் கழித்து, "இப்ப சத்தம் மாறிருச்சு. போதும், விரிச்சுப் பாரு" என்றார். ஓர் உருண்டையைக் கிள்ளி இரு கை விரல்களால் விரித்தேன். கிழியாமல், சன்னல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சவ்வாக விரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினெட்டு நிமிடங்கள் ஆகியிருந்தன. என் தோள்பட்டை வலித்தது.

அந்த வலியில்தான் கணக்குப் போட்டேன். நான் பிசைந்தது அரைக் கிலோ மாவு. ஒரு மூட்டை 50 கிலோ. அதாவது என் மாவின் நூறு மடங்கு. அவர்கள் ஓர் இரவில் இரண்டு மூட்டை போடுவார்கள். பிசையும் இயந்திரம் 2000களின் நடுவில்தான் அந்தப் பேக்கரிக்கு வந்தது. அதுவரை கைகள்தாம்.

மே மாதத்து ரொட்டி ஒன்று பாழானது. மாவை மூடி வைத்துவிட்டு ஆய்வகம் போனேன். டிசம்பரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட அதே மாவு, புனேயின் மே வெயிலில் முக்கால் மணி நேரத்தில் இரு மடங்காகி, நான் திரும்புவதற்குள் எழும்பி, உடைந்து, சாராய வாடையோடு தட்டையாகக் கிடந்தது. வெப்பம் கூடினால் ஈஸ்ட்டின் வேகம் கூடும் என்பதற்கு நான் வரைந்த வளைகோடுகள் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் இருக்கின்றன. அப்பா, சித்திரை வைகாசியில் ஈஸ்ட்டைக் குறைத்துப் பனிக்கட்டி நீர் ஊற்றுவார்களாம். மார்கழியில் தொட்டியைச் சாக்குப் போட்டு மூடி அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்துவார்களாம். வளைகோடு இல்லாமலே அவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

இப்படிப் பேசிப் பேசித்தான் மற்றப் பேச்சும் வந்தது. ஒரு ஞாயிறு காலை. புதிய மாவுப் பொட்டலத்தைப் பிரித்துச் சற்று உயரத்திலிருந்து பாத்திரத்தில் கொட்டினேன். கீழ்த்திசைச் சன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெயில் பட்ட இடம் முழுவதும் மாவு மிதந்தது. அரைக் கிலோவைக் கொட்டியதில் எழுந்த தூசி, நான் பார்த்துக்கொண்டே இருந்தும் கீழே இறங்கவில்லை. எனக்குத் தும்மல் வந்தது. தொலைபேசியில் அப்பா, "மூக்குல துணியக் கட்டிக்கோ" என்றார்.

"நீங்க கட்டுனீங்களாப்பா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "புழுக்கத்துல யாரு கட்டுறது? எங்க கூட்டத்துல எல்லாருக்கும் இருமல் உண்டு பாப்பா. மாஸ்டர்னா இருமத்தான் செய்வான்னு நெனச்சோம். எனக்குச் சொல்லிக்குடுத்தவருக்கும் இருந்துச்சு."

புகைக்குப் பயந்து மாவுப் பக்கம் மாறியதை நானே எடுத்துச் சொன்னேன். "தெரிஞ்சா மாறியிருப்பேனா?" என்றார். அந்தக் குரலில் வருத்தம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உடனே, "பேசிட்டே இருக்காத, தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன். தூசி அடங்கியது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு ரொட்டியைக் கொண்டு சென்றேன். என் குறிப்பேட்டின்படி அது இருபத்து மூன்றாவது. குளிரில் நிதானமாக எழும்பியது; மேல்தோல் நல்ல தேன்நிறத்தில் சிவந்திருந்தது. துணியில் சுற்றி, இரண்டு நாள் பயணத்தில் மடியிலேயே வைத்திருந்தேன். சுட்ட ரொட்டியைச் சாப்பிடுவதால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தும், வேலையை விட்டதிலிருந்து அப்பா அதைத் தொடாமலே இருந்தார். கையில் வாங்கினார். தலைகீழாகத் திருப்பி அடியில் விரலால் தட்டிக் காது கொடுத்தார். பக்கவாட்டில் அமுக்கி, அது மீண்டு வருகிறதா என்று பார்த்தார். முகர்ந்தார். பிறகு கத்தி கேட்டார். வெட்டிய துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் குமிழ்களைப் பார்த்தார். ஆய்வேட்டை மதிப்பிடுபவர்கள் இத்தனை கவனமாகப் பார்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றார். இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டார்.

வாசலில் வந்து நின்ற எதிர்வீட்டு அத்தை, தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருக்கு மேலுக்கு முடியல?"

"யாருக்கும் இல்ல. பாப்பா போட்ட ரொட்டி" என்றார் அப்பா.

ஊரிலிருந்து திரும்பியதும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவத்தை நிரப்பினேன். பெயர், பதிவு எண், நெறியாளர், தலைப்பு என எல்லாம் கேட்டது. 'தந்தையின் தொழில்' என்ற கட்டம் மட்டும் இல்லை. இம்முறை உண்மையை எழுதலாம் என்றிருந்தேன், யாரும் கேட்கவில்லை. அதனால்தான் நன்றியுரையின் முதல் வரியில் எழுதினேன்.

நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரிலோ வளாகத்தின் அருகிலோ பேக்கரி இருக்கும். அங்கே வேலை செய்வோருடன் பேசும் வாய்ப்புக் கிடைத்தால் இவற்றைச் சொல்லுங்கள். மூட்டையை உயரத்திலிருந்து கொட்டாமல், வாயைத் தொட்டிக்குள் இறக்கி மெதுவாகச் சரிக்க வேண்டும். இயந்திரம் முதலில் மெல்லச் சுழன்று, மாவு நனைந்தபின் வேகமெடுக்க வேண்டும். பலகையில் மாவை வீசித் தூவுவதற்குப் பதில், முடிந்த இடங்களில் எண்ணெய் தடவலாம். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைப்பது நல்லது. கொட்டும்போதாவது முகக்கவசம் வேண்டும். பணிநாளில் கூடி விடுப்பில் குறையும் இருமல் இருந்தால், மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், தொழிலைச் சொல்ல வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

அளவு கேட்டவர்களுக்காக: மைதா 400 கிராம், ஆட்டா 100 கிராம், தண்ணீர் 330 மில்லி, உலர்ந்த உடனடி ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 15 கிராம், எண்ணெய் 20 மில்லி. உப்பு, அப்பாவின் திருத்தத்துக்குப் பின், 9 கிராம். தண்ணீர் விரல் பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு மேல் போகக் கூடாது. கையில் ஒட்டுவது நிற்கும்வரை பிசைந்து, இரு மடங்காகும்வரை மூடி வையுங்கள். நேரத்தைப் பருவம் முடிவு செய்யும். பிறகு அமுக்கிக் காற்றை நீக்கி, சுருட்டி, எண்ணெய் தடவிய அச்சில் வையுங்கள். விளிம்புக்கு மேல் ஒரு விரற்கடை எழும்பியதும், முன்பே சூடேறிய அடுப்பில் 200 பாகையில் 35 நிமிடங்கள். அடியில் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

மாவைக் கொட்டும்போது பாத்திரத்துக்கு அருகில் வைத்துக் கொட்டுங்கள். சன்னலைத் திறந்துவைத்து, மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். இது மாஸ்டர் சொன்னது.